வழுவமைதியால் வளர்ந்த மொழி

1979 டிசம்பரில் வெளிவந்த 'ஸ்டார் ட்ரெக்: தி மோஷன் பிக்சர்' படம் தொடங்கியதும் கிளிங்கான் என்னும் வேற்றுக்கிரகப் போர்வீரர்களின் மூன்று போர்க்கப்பல்கள் விண்வெளியில் ஒரு பெரிய மேகத்தை நோக்கிப் பாய்கின்றன. கப்பல் தலைவன் கட்டளையிடுகிறான். தொண்டையிலிருந்து வெடித்து வரும் குட்டைச் சொற்கள். என்ன சொல்கிறான் என்பது திரையின் அடியில் ஆங்கிலத்தில் ஓடுகிறது. 1966 முதல் 1969 வரை ஓடிய தொலைக்காட்சித் தொடரில் இதே கிளிங்கான்கள் ஆங்கிலம்தான் பேசினார்கள். அவர்களுக்கென்று ஒரு பேச்சு காதில் விழுந்தது அந்தச் சில விநாடிகளில்தான்.

அந்த வரிகளைச் செய்தவர் மொழியறிஞர் அல்லர். தொடரில் ஸ்காட்டி என்னும் எஞ்சினியராக நடித்த ஜேம்ஸ் டூஹன், வாய்க்கு வந்த கரடுமுரடான ஒலிகளைக் கோத்து ஒலிநாடாவில் பேசிக் கொடுத்தார். கப்பல் தலைவனாக நடித்த மார்க் லெனார்ட் அதைக் கேட்டுக்கேட்டுத் தனக்குத் தெரிந்த எழுத்துக்கூட்டலில் எழுதி மனப்பாடம் செய்தார். பெயர்ச்சொல் எது, வினை எது, விகுதி எது என்று யாரும் யோசிக்கவில்லை. காட்சிக்கு அவ்வளவே போதும். படம் முடிந்ததும் அந்த ஒலிகள் மறந்துபோயிருக்க வேண்டும். மறந்துபோகாததற்குக் காரணம், கலிஃபோர்னியாவில் பேசுவார் இல்லாமல் போன ஒரு மொழியின் இலக்கணத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஒருவர் கையில் அவை வந்து சேர்ந்ததுதான்.

மார்க் ஓக்ரண்ட் 1977இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப்பொருள், மூட்சுன் மொழியின் இலக்கணம். சான் ஹுவான் பௌட்டிஸ்டா பகுதியில் வாழ்ந்த பழங்குடி மக்களின் மொழி அது. அதை நன்றாக அறிந்திருந்த கடைசி மனிதர் அசென்சியோன் சொலோர்சானோ என்ற மூதாட்டி, 1930இல் இறந்தார். இறப்பதற்கு முன்பு ஜே. பி. ஹாரிங்டன் என்ற ஆய்வாளர் அவர் பக்கத்தில் இருந்து கேட்டு எழுதிய குறிப்புகளும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருட்தந்தை அர்ரோயோ தெ லா குவெஸ்தா எழுதிவைத்தவையுமே எஞ்சியிருந்தன. ஓக்ரண்டுக்குக் கிடைத்தது தாள்தான், குரல் அல்ல. ஒரே சொல்லை இருவர் இருவிதமாக எழுதியிருந்தால் எது பிழை, எது வழக்கு என்று அவர் தீர்மானிக்க வேண்டும். கேட்டுத் தெளிய ஆள் கிடையாது. இந்தப் பயிற்சியை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அவர் பின்னர் செய்தது விளங்கும்.

படிப்பு முடிந்தபின் அவருக்கு அமைந்த வேலை வேறு. காது கேளாதவர்களுக்காகத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் எழுத்துவரி சேர்க்கும் நிறுவனத்தில் சேர்ந்தார். 1982 ஆஸ்கார் விழாவின் நேரடி ஒளிபரப்புக்கு எழுத்துவரி தருவதற்காக லாஸ் ஏஞ்சல்ஸ் போனவர், பாரமவுண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த நண்பரைச் சந்தித்தார். பேச்சுவாக்கில் ஒரு சிக்கல் தெரியவந்தது. இரண்டாவது ஸ்டார் ட்ரெக் படத்தில் ஸ்பாக், சாவிக் என்னும் பாத்திரங்கள் பேசும் ஒரு காட்சியை ஆங்கிலத்தில் எடுத்துவிட்டார்கள். இப்போது அவர்கள் தங்கள் வல்கன் மொழியில் பேசுவதாக மாற்ற வேண்டும். வாயசைவு ஆங்கிலத்துக்கு, ஒலி வேறொன்றாக இருக்க வேண்டும். உதடு மூடும் இடத்தில் உதடு மூடும் ஒலி, விரியும் இடத்தில் விரியும் ஒலி என்று ஓக்ரண்ட் பொருத்திக் கொடுத்தார். தமிழ் டப்பிங் எழுத்தாளர்கள் நாள்தோறும் செய்யும் வேலைதான். ஒன்றுதான் வேறுபாடு: இவருக்குக் கையில் மொழியே இல்லை.

அடுத்த படம் 1984இல் வந்த 'ஸ்பாக்கைத் தேடி'. இயக்குநர் லெனார்ட் நிமாய். இதில் கிளிங்கான்கள் நிறையப் பேச வேண்டும். இந்த முறை ஓக்ரண்டிடம் ஒரு மொழியையே கேட்டார்கள்.

அவர் முதலில் செய்தது டூஹனின் வரிகளைத் திரும்பத் திரும்பக் கேட்டதுதான். இந்த வேலை இன்னொருவரிடம் போயிருந்தால் அவற்றைத் தூக்கி எறிந்திருக்கலாம். ஒரு நடிகர் வாய்க்கு வந்தபடி உளறியது என்று சொல்லியிருக்கலாம். ஓக்ரண்ட் ஹாரிங்டனின் குறிப்புகளை அணுகியதுபோல அவற்றை அணுகினார். எங்கே சொல் முடிகிறது, எது வேர், எது ஒட்டு, இந்த அசைகளுக்குப் பொதுவான அமைப்பு என்ன என்று பிரித்துப் பார்த்து, இல்லாத இலக்கணத்தை அவற்றுக்குள் கண்டெடுத்தார். அதன்பிறகு அவர் செய்த ஒவ்வொரு விதியும் அந்தச் சில வரிகளோடு முரண்படாமல் இருக்கப் பார்த்துக்கொண்டார்.

ஒலிகளைத் தேர்ந்த விதத்தைத் தமிழ் வாசகர்கள் எளிதில் உணரலாம். கிளிங்கானில் இருபத்தொரு மெய், ஐந்து உயிர். இந்த மெய்களில் ஒன்றுகூட மனித வாய்க்குப் புதியதன்று. நாக்கை வளைத்துச் சொல்லும் 'வீடு' என்பதில் வரும் 'டு'வின் மெய் இருக்கிறது. 'ஷ' போல நாமடங்கும் ஒலி இருக்கிறது. அரபியில் உள்ளது போன்ற உள்நாக்கு ஒலி, ஜெர்மன்காரர்கள் 'பாக்' என்று தங்கள் இசைமேதையின் பெயரைச் சொல்லும்போது கடைசியில் உரசும் ஒலி, மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் வரும் 'ட்ல்' சேர்க்கை எல்லாம் இருக்கின்றன. புதுமை இவற்றைச் சேர்த்த முறையில்தான் உள்ளது.

நம் எழுத்து வரிசையை நினைத்துப் பாருங்கள். க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன என்று வல்லினத்துக்கு இனமான மெல்லினம் அதே இடத்தில் பிறக்கிறது. பெரும்பாலான மொழிகளில் இப்படி ஏதோ ஓர் ஒழுங்கு இருக்கும். வாயில் ஓர் இடத்தைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால் அந்த இடத்தை மொழி பல வகையிலும் பயன்படுத்திக்கொள்ளும். ஓக்ரண்ட் இந்த இன உறவைத் தெரிந்தே அறுத்தார். கிளிங்கானில் ங உண்டு, க இல்லை. ட உண்டு, அதற்கு இனமான ண இல்லை. நாக்கு வளைந்த ஒலிப்புடைய ஒலி ஒருபக்கம். அதற்கு எதிரான ஒலிப்பில்லா இணை வளையாத நாக்கில் பிறக்கிறது. தனித்தனியே கேட்டால் எல்லாம் பழகிய ஒலிகள்; சேர்த்துக் கேட்டால் எந்த மனித இனமும் இப்படி அடுக்காது என்று காதுக்குத் தெரிகிறது. காரணத்தைப் பார்வையாளர் அறிய வேண்டியதில்லை. உறுத்தலை உணர்ந்தால் போதும். ககரம் இல்லாததால் அந்த இனத்தார் தங்களைக் 'கிளிங்கான்' என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. அவர்கள் வாயில் அந்தப் பெயர் 'ட்ல்' என்று தொடங்குகிறது.

சொல்வரிசைக்கும் இதே வழி. நாம் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று போகிறோம். ஆங்கிலம் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். உலக மொழிகளில் மிக அரிதான வரிசைகளுள் ஒன்றை எடுத்தார் ஓக்ரண்ட்: செயப்படுபொருள் முதலில், வினை நடுவில், எழுவாய் கடைசியில். அப்படி ஒரு மொழி உண்டு என்பதே வெகுகாலம் ஐயத்துக்குரியதாக இருந்தது. பிரேசிலின் ஹிஷ்கரியானா மொழி அப்படி என்று டெஸ்மண்ட் டெர்பிஷைர் எழுதிய கட்டுரை வந்தது 1977இல்தான், அதாவது ஓக்ரண்ட் ஆய்வேட்டைச் சமர்ப்பித்த அதே ஆண்டில். 'மாம்பழத்தைத் தின்றான் முருகன்' என்று தமிழில் நாமும் சொல்லலாம். வேற்றுமை உருபு நமக்கு அந்த உரிமையைத் தருகிறது. கிளிங்கானில் எழுவாய்க்கோ செயப்படுபொருளுக்கோ உருபு கிடையாது. வரிசைதான் பொருளைச் சொல்லும். மாற்றினால் மாம்பழம் முருகனைத் தின்றுவிடும்.

இது ஒட்டுநிலை மொழி என்பதால் பல இடங்களில் தமிழரின் காது தன் வீட்டுக்குள் நுழைந்தது போல உணரும். வினைக்குப் பின்னால் விகுதிகள் வரிசையாக ஒட்டுகின்றன. எது முன், எது பின் என்பதற்கு ஒன்பது படிநிலை. பெயருக்கு ஐந்து. வினையின் முன்னொட்டு எழுவாய் யார், செயப்படுபொருள் யார் என்ற இரண்டையும் ஒருசேரக் காட்டும். முக்காலம் இல்லை; செயல் முடிந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா என்பதே கணக்கு. எதிர்மறை விகுதி நிலையாக ஓரிடத்தில் நிற்காமல், தான் எதை மறுக்கிறதோ அதன் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். 'விரும்பவில்லை', 'முடியவில்லை' என்று நாம் இரண்டு வினை போட்டுப் பிரிப்பதை அது இடம் மாறியே பிரித்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி பன்மை. கிளிங்கானில் பன்மை விகுதி மூன்று: பேசத் தெரிந்தவற்றுக்கு ஒன்று, உடலுறுப்புகளுக்கு ஒன்று, மற்ற அனைத்துக்கும் ஒன்று. மக்கள், தேவர், நரகர் உயர்திணை, மற்றவை அஃறிணை என்று படித்து வளர்ந்த நமக்கு இந்தப் பாகுபாடு அந்நியமாகத் தோன்றாது. நம் எல்லைக்கோடு பகுத்தறிவு, அவர்களுடையது பேச்சு. 'என்னுடைய' என்பதற்கும் இரண்டு விகுதி உண்டு. பேசும் உயிருக்கு உரியதை விட்டுவிட்டு மற்றதை ஒருவருக்குச் சேர்த்துச் சொன்னால் அது இலக்கணப் பிழையாகாது, அவமதிப்பாகும். உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு என்னும் காரணங்களால் திணை மயங்கினாலும் இயல்பே என்று நன்னூல் இடம் விடுகிறதே, அதில் இழிப்பு என்ற வாசல் அப்படியே அங்கேயும் திறந்திருக்கிறது. ஒருவர் தாமே செய்த மொழியில் வசைக்கும் இலக்கணத்துக்குள் இடம் வைத்தார் என்றால், மொழி என்றால் என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இவ்வளவும் தாளில். படப்பிடிப்புத் தளத்தில் ஓக்ரண்ட் நடிகர்கள் அருகிலேயே நின்று உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்தார். பொய்ப்பல்லும் நெற்றி ஒப்பனையுமாக நிற்கும் நடிகரால் உள்நாக்கு ஒலியை ஒவ்வொரு டேக்கிலும் சரியாக எழுப்ப முடியாது. யாராவது தவறாகச் சொன்னால் நிறுத்தி மறுபடி எடுக்கலாம். ஆனால் நடிப்பு நன்றாக அமைந்துவிட்டால் இயக்குநர் அடுத்த காட்சிக்குப் போய்விடுவார். அப்போது ஓக்ரண்ட் கையேட்டைத் திறந்து மொழியைத் திருத்திக்கொள்வார். நடிகர் சொன்னதே இனிச் சரி.

படத்தொகுப்பில் இன்னும் பெரிய சோதனை வந்தது. எஞ்சினை மட்டும் தாக்கச் சொன்னேனே என்று தளபதி க்ரூஜ் சீறுவதாக ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. பிறகு, கைதிகள் வேண்டும் என்றல்லவா நினைத்தேன் என்ற பொருளில் சப்டைட்டிலை மாற்ற முடிவு செய்தார்கள். வாயசைவை இனி மாற்ற முடியாது. ஏறக்குறைய அதே ஒலிகளுக்குள் புதிய பொருளை ஏற்ற வேண்டும். 'எஞ்சின்' என்றிருந்ததை வேராகவும் விகுதியாகவும் பிரித்துப் 'பிடி' என்ற வினையாக்கினார். 'மட்டும்' என்ற சொல்லுக்கு 'விரும்பு' என்ற இரண்டாவது வாழ்வு கிடைத்தது. செயல் முடிந்ததைக் காட்டிய விகுதி, பேசும் உயிர்களின் பன்மை விகுதியாகவும் ஆயிற்று. இன்றும் கிளிங்கான் படிப்பவர்கள் இந்த ஒத்த ஒலிச் சொற்களை மொழியின் இயற்கையாகவே கற்கிறார்கள். வரியில் இருக்க வேண்டிய முன்னொட்டு இல்லையே என்றால், அதற்கும் விடை வைத்தார்: போர்க்களத்தில் வீரர்கள் முன்னொட்டை விழுங்கிச் சுருக்கமாகப் பேசுவார்கள். அந்தச் சுருக்கப் பேச்சுக்கு அகராதியில் தனிப் பகுதியே இருக்கிறது.

நம் இலக்கணிகள் வழு, வழாநிலை, வழுவமைதி என்று மூன்றாகப் பிரித்தார்கள். பிழைதான், ஆனால் காரணம் இருப்பதால் ஏற்கப்பட்டது என்பது வழுவமைதி. ஓக்ரண்டின் மேதைமை அதன் பக்கம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். விதிகளை முன்கூட்டி நிறைவாகச் செய்து முடித்த செயற்கை மொழிகள் எத்தனையோ வந்தன. அவற்றில் ஒரு பழமும் அழுகாது, ஒரு வினையும் திரியாது. கிளிங்கானிலோ நடிகரின் நாக்கும் தொகுப்பாளரின் கத்தரியும் பட்ட தழும்புகள் இலக்கணமாகத் தங்கியிருக்கின்றன. இயற்கை மொழிகளுக்கு நூற்றாண்டுகள் செய்வதை இதற்குப் படப்பிடிப்பு சில மாதங்களில் செய்துவிட்டது.

1985இல் 'தி கிளிங்கான் டிக்‌ஷனரி' புத்தகமாக வந்தது. 1992இல் விரிந்த பதிப்பு. ரசிகர்கள் அலமாரியில் வைக்க வாங்குவார்கள் என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். சிலர் படித்தார்கள். பயிற்சி செய்தார்கள். கடிதம் எழுதினார்கள். 1992இல் லாரன்ஸ் ஷோன் என்பவர் பென்சில்வேனியாவில் கிளிங்கான் மொழிக் கழகத்தைத் தொடங்கி ஆய்விதழும் நடத்தினார். இதற்கிடையில் வந்த தொலைக்காட்சித் தொடர்களின் எழுத்தாளர்கள் சில நேரம் அகராதியைப் பார்த்தும் பல நேரம் பார்க்காமலும் வசனம் எழுதினார்கள். அவற்றில் பலவற்றுக்கும் ஓக்ரண்ட் பின்னர் வட்டார வழக்கு, பழைய வழக்கு என்று இடம் கொடுத்தார்.

1991இல் ஆறாவது படம். ஷேக்ஸ்பியரைக் கிளிங்கான் மூலத்தில் படித்தால்தான் சுவை என்று அதில் ஒரு தலைவர் சொல்கிறார். ஹாம்லெட்டின் மிகப் புகழ்பெற்ற தனிமொழியின் முதல் வரியைக் கிளிங்கானில் சொல்ல வேண்டும் என்றார்கள். ஓக்ரண்ட் திகைத்தார். ஆங்கிலத்தில் அந்த வரி முழுவதும் 'இரு' என்ற வினையின் மேல் நிற்கிறது. கிளிங்கானில் அந்த வினையை அவர் வேண்டுமென்றே வைக்கவில்லை. 'அவர் மருத்துவர்' என்று நாம் வினையே இல்லாமல் சொல்வதுபோல அங்கேயும் பெயரை அடுத்து ஒரு பிரதிப்பெயர் நின்றாலே போதும். முதலில் 'வாழ்' என்ற வினையை வைத்து எழுதிக் கொடுத்தார். ஜெனரல் சாங்காக நடித்த கிறிஸ்டோபர் பிளம்மருக்கு அந்த ஒலி மென்மையாகப் பட்டது. கடித்துத் துப்புவது போன்ற ஒன்றைக் கேட்டார். தொடர்ந்து நடப்பதைக் காட்டும் விகுதி ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதையே தனி வினையாக எழுந்து நிற்க வைத்தார் ஓக்ரண்ட். 'செய்துகொண்டிரு' என்பதன் 'கொண்டிரு' மட்டும் தனியே வந்து ஒரு வாக்கியத்தைத் தாங்குவதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். உயிரோடு நீடிப்பது, நீடிக்காமல் போவது என்று அந்த வரி இன்னும் கடுமையாயிற்று; போர்வீரர் வாயில் அதுவே பொருந்துகிறது. மறுபடியும் ஒரு நடிகரின் நாக்கு அகராதியில் ஒரு சொல்லைச் சேர்த்தது. கழகத்தார் அதோடு விடவில்லை. ஹாம்லெட் நாடகம் முழுவதையும் பெயர்த்து 1996இல் வெளியிட்டார்கள். 2010இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் முழுநீள கிளிங்கான் ஆபெரா அரங்கேறியது.

அமெரிக்காவில் மொழியியல் படித்த ஒரு தந்தை, பிறந்த மகனிடம் முதல் சில ஆண்டுகள் கிளிங்கானில் மட்டுமே பேசிப் பார்த்தார். தாய் ஆங்கிலம் பேசினார். குழந்தைக்குச் சொற்கள் புரிந்தன, தாலாட்டும் பாடியது. போர்க்கப்பலுக்காகப் பிறந்த மொழியில் அடுப்படிக்கும் தொட்டிலுக்கும் வேண்டிய சொற்கள் போதவில்லை. வளர வளரப் பையன் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கினான். தந்தையும் வற்புறுத்தாமல் விட்டுவிட்டார். அவர் அப்படி விட்டது சரி. மொழி ஒருவரோடு ஒருவர் பேசக் கிடைக்கும் இடங்களை வைத்துத்தான் குழந்தையிடம் தங்கும். ஒரு தகப்பனின் குரல் மட்டும் அதற்குப் போதாது.

2015 கடைசியில் வழக்கு ஒன்று வந்தது. ரசிகர்கள் எடுக்க முனைந்த ஸ்டார் ட்ரெக் படத்தின் மேல் பாரமவுண்டும் சிபிஎஸ்ஸும் கலிஃபோர்னியாவில் பதிப்புரிமை வழக்குத் தொடுத்தபோது, தங்கள் உரிமைப் பட்டியலில் கிளிங்கான் மொழியையும் சேர்த்தன. செயற்கை மொழி ஆக்குவோர் சங்கம் நீதிமன்றத்தில் ஒரு மனு கொடுத்தது. மொழியை யாரும் உடைமையாக்க முடியாது என்பது வாதம். மனுவின் சில பகுதிகள் கிளிங்கானிலேயே எழுதப்பட்டிருந்தன. 2017 ஜனவரியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது, மொழி யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு விடை சொல்லாமலே. அதே ஆண்டு தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்: டிஸ்கவரி' தொடரில் கிளிங்கான்கள் நிமிடக்கணக்கில் தங்கள் மொழியிலேயே பேசினார்கள். வசனம் பெயர்த்தவர் ஓக்ரண்ட் அல்லர், மொழியைக் கற்றுத் தேர்ந்த ஒரு ரசிகை.

ஆனால் கிளிங்கான் பேசுவோர் இன்றும் ஒரு கட்டுப்பாட்டைத் தாங்களே காக்கிறார்கள். புதுச் சொல்லை அவர்கள் ஆக்குவதில்லை. வேண்டிய சொற்களைப் பட்டியலிட்டு ஓக்ரண்டிடம் கொடுப்பார்கள். ஆண்டுக் கூட்டத்தில் அவர் சிலவற்றுக்கு விடை தருவார். அதையும் தாம் ஆக்கியதாகச் சொல்வதில்லை. 1984 படத்தின் முடிவில் பிடிபட்ட மால்ட்ஸ் என்ற கைதியிடம் கேட்டதாகச் சொல்வார். இந்த ஒழுங்கினால்தான் கிளிங்கான் பல கிளைகளாகச் சிதறாமல் ஒன்றாக இருக்கிறது; அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆயினும் எனக்கு மூட்சுன் மக்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஓக்ரண்டின் 1977 ஆய்வேட்டையும் பழைய குறிப்புகளையும் வைத்துக்கொண்டு அவர்களின் வழித்தோன்றல்கள் தங்கள் மொழியை மறுபடி கற்கத் தொடங்கினார்கள். மொழியியலாளர்களோடு சேர்ந்து 2016இல் மூட்சுன் அகராதியும் வந்தது. முன்னோர் காணாத பொருள்களுக்குப் பெயர் வேண்டும்போது அவர்கள் கேட்கக்கூடிய மால்ட்ஸ் யாரும் இல்லை. இருக்கும் வேர்களைக் கொண்டு தாங்களே கூடி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. 1948இல் பிறந்தவர் ஓக்ரண்ட். அவர் இருக்கும்போதே கிளிங்கான் பேசுவோரும் தங்கள் தொட்டிலுக்கும் அடுப்படிக்கும் வேண்டிய சொற்களைத் தாங்களே ஆக்கிப் பார்க்கட்டும். அதில் நேரும் பிழைகளையும் அவர் கண்ணால் பார்த்து, எதை அமைதி என்று ஏற்கலாம் எனச் சொல்லட்டும்.